துறைமுகம் போயிற்று, பட்டினம் பிழைத்தது

கடல் கடந்து வந்த ஐரோப்பியர் நம் தீவின் கரையோரமெங்கும் கோட்டைகளை எழுப்பினர். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, நீர்கொழும்பு, கொழும்பு, மாத்தறை என அவற்றின் நிரல் நீண்டு செல்லும். அவற்றுட் சில இன்று மதில்களாக மாத்திரம் நிற்கின்றன. சில, அரசாங்கக் கந்தோர்களுக்கும் சிறைச்சாலைக்கும் இடங்கொடுத்தன. கொழும்புக் கோட்டையோ பெயரளவிலேதான் கோட்டை. ஆனால், கொழும்பிலிருந்து தெற்கே ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தூரத்திலுள்ள காலிக் கோட்டையினுள்ளே புகுவோர் காண்பது முற்றிலும் வேறானதொரு காட்சியாகும். அங்கே நேரிய வீதிகள் உள்ளன. வீதிகளின் இருமருங்கும் தூண்கள் தாங்கிய விறாந்தைகளுடன் வீடுகள் உள்ளன. தேவாலயமும் பள்ளிவாசலும் விகாரையும் பாடசாலையும் கடைத்தெருவும் உள்ளன. சுருங்கக்கூறின், மதிலுக்குள் ஒரு பட்டினம் முழுவதுமே அடங்கியிருக்கின்றது.

போரும் வாணிகமும் கடலும் நூற்றாண்டு நூற்றாண்டாக மோதிய இவ்விடத்திலே, ஏனைய ஊர்கள் இழந்ததை இப்பட்டினம் மட்டும் எவ்வாறு காத்துக்கொண்டது? இவ்வினாவை மாணவரிடம் விடுத்தால், "மதில் வலியது, ஆதலின் பட்டினம் நிலைத்தது" என்று விடை வரும். அவ்விடை பாதி உண்மையே. மற்றைப் பாதி உண்மை, காலி பெற்றவற்றில் அன்று, காலி இழந்த ஒன்றிலேயே அடங்கியுள்ளது. அதனை அறிய வேண்டுமாயின் இவ்வூரின் கதையை முதலிலிருந்து நோக்குதல் வேண்டும்.

மும்மொழிக் கல்

ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே காலி வெளிநாட்டார் அறிந்த துறையாக விளங்கியது. 1344 ஆம் ஆண்டளவில் இலங்கையிலே பிரயாணஞ் செய்த இபுன் பதூதா, தேவேந்திரமுனையின் பெருங்கோவிலைக் கண்டபின், 'காலி' என்னும் சிறிய ஊருக்கு வந்ததாகக் குறித்துள்ளார். 

தமிழராகிய நாம் காலியை நினைக்குந்தோறும் நினைக்கத்தக்க சான்று மற்றொன்றும் உண்டு. 1911 ஆம் ஆண்டிலே, காலி நகரத்தில் மதகு ஒன்றை மூடிக்கிடந்த கற்பலகையொன்று பொறியியலாளர் ஒருவரின் கண்ணிற் பட்டது. சுத்தஞ்செய்து பார்த்தபொழுது அதிலே மூன்று மொழிகளில் எழுத்துகள் காணப்பட்டன: ஒன்று சீனம், ஒன்று பாரசீகம், ஒன்று தமிழ். சீனச் சக்கரவர்த்தியின் கடற்படைத் தலைவரான செங் ஹோ என்பார் கொண்டுவந்த கல் அது. அதிலே பொறிக்கப்பட்டுள்ள ஆண்டு 1409. சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும் காணிக்கைகளைச் சமர்ப்பிக்கின்றன. தேனாவரை நாயனார் என்பது தேவேந்திரமுனையிலே எழுந்தருளியிருந்த திருமாலின் பெயராகும். மூவர்க்கும் வழங்கப்பட்ட பொன், வெள்ளி, பட்டு, விளக்கு முதலியன பெரும்பாலும் ஒத்தவையாகவே உள்ளன. தென்னிலங்கைத் துறையொன்றிலே பொதுமக்கள் அறியும்படி ஒரு செய்தியை நாட்டவேண்டின், அதனைத் தமிழிலும் நாட்டவேண்டும் என்று சீன நாட்டார் அன்று கருதினர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. அக்கல் இப்பொழுது கொழும்பு நூதனசாலையிலே வைக்கப்பட்டுள்ளது.

மதில் எழுந்த வகை

1505 ஆம் ஆண்டிலே இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே காலியில் அரண் ஒன்றை அமைத்தனர். கடலுக்குள் நீண்டு செல்லும் பாறைத் தீபகற்பம் அது. மூன்று புறமும் கடல் காத்தமையால், நிலப்புறத்தை மாத்திரம் சுவராலும் அகழியாலும் அடைத்தாற் போதுமென அவர்கள் எண்ணினர். 'கறுப்புக் கோட்டை' என இன்றும் வழங்கும் பகுதி அவர்கள் காலத்ததென்பர்.

1640 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் உடன்படிக்கை செய்துகொண்ட ஒல்லாந்தர், வில்லெம் கொஸ்டர் என்னும் தளபதியின் தலைமையிலே காலியைக் கைப்பற்றினர். நம்பி நண்பரை அழைத்த மன்னனுக்குக் காலி திரும்பக் கிடைக்கவில்லை. 1663 ஆம் ஆண்டு தொடக்கம் ஒல்லாந்தர் கல்லினால் மதில் எழுப்பலாயினர். போர்த்துக்கேயர் கடலை நம்பித் திறந்துவிட்ட பக்கங்களையும் அவர்கள் மதிலால் வளைத்தனர். அவ்வேலை பதினெட்டாம் நூற்றாண்டு வரை நீடித்தது. முற்றுப்பெற்ற மதிலிலே 14 கொத்தளங்கள் அமைந்தன. அகப்பட்ட நிலத்தின் பரப்பு ஏறக்குறைய 52 ஹெக்டயர், அதாவது 130 ஏக்கர் வரை ஆகும்.

கொத்தளங்களின் பெயர்களே ஒரு பாடம் புகட்டுவன. யாழ்ப்பாணக் கோட்டையின் ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்தர் தம் தாய்நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினர். காலியிலோ வானையும் கடலையும் துணைக்கழைத்தனர். நிலப்புறத்தைக் காக்கும் மூன்றும் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்பன. கடற்புறத்தே ஐரோப்பியப் புராணத்தின் காற்றுத்தேவன் ஏயோலஸ், கடற்றேவன் நெப்டியூன், அவன் மைந்தன் திறைற்றன், வைகறைத்தேவி அவுறோறா ஆகியோர் காவல் நிற்கின்றனர். அக்கர்ஸ்லூட் என்னும் கொத்தளம் மட்டும் ஒரு மனிதனை நினைவூட்டுகின்றது. அது காலியைப் பிடித்த கொஸ்டர் பிறந்த ஊரின் பெயராகும்.

பழைய வாயிலைக் கடப்போர் ஒருகணம் நின்று அண்ணாந்து பார்த்தல் வேண்டும். வெளிப்புறத்திலே ஆங்கிலேய முடியின் இலச்சினை. வாயிலைக் கடந்து உள்ளே சென்று திரும்பிப் பார்த்தால், இரண்டு சிங்கங்கள் தாங்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினையும், 1669 என்னும் ஆண்டும், அவற்றின் மேலே ஒரு சேவலும் காணப்படும். சேவல் எங்ஙனம் வந்தது? போர்த்துக்கேய மொழியிலே சேவலுக்குக் 'கல்லோ' என்று பெயர். ஊர்ப்பெயரின் ஒலி அதனை ஒத்திருந்தமையாற் சேவல் இவ்வூரின் சின்னமாயிற்று. உண்மையிலோ அப்பெயர் 'கல' என்னும் சிங்களச் சொல்லின் வழியாகப் பாறையைக் குறித்ததென்று சிலரும், மாட்டுத்தொழுவத்தைக் குறித்ததென்று சிலரும் கூறுவர். கேட்ட ஒலிக்குத் தம் மொழியிலே பொருள் கற்பிப்பது எந்நாட்டார்க்கும் இயல்பே போலும்!

வீதிகள் சொல்லுங் கதை

கோட்டையினுள் வீதிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்லும். வளைந்து நெளிந்து வளரும் நம் பழைய ஊர்களைப் போலன்றி, நூல்பிடித்து வகுக்கப்பட்ட பட்டினம் இது. வீதிகளின் பெயர்களை ஊன்றிப் படித்தால், அங்கு யார் வாழ்ந்தனர், என்ன தொழில் செய்தனர் என்பது புலனாகும். 'லெய்ன் பான்' வீதி என்பது கயிறு திரித்த இடம். பாய்க்கப்பல்களுக்கு வேண்டிய நீண்ட வடங்களைத் திரிப்பதற்கு நீண்ட, நேரான வெளி தேவைப்பட்டது. அவ்வெளியே பின்னர் வீதியாயிற்று. தலைச்சுமையாகச் சரக்கு விற்ற சோனக வணிகரைக் குறித்து ஒல்லாந்தர் இட்ட பெயர், ஆங்கிலத்தில் 'பெட்லர்' வீதியாக நிலைத்தது. 'பரவர் வீதி' என்பது முத்துக்குளித்துறையிலிருந்து கடலோடி வந்த தமிழ்க் குடியினரை நினைவூட்டுகின்றது. மருத்துவமனை வீதி, தேவாலய வீதி என்பவற்றிற்கு விளக்கம் வேண்டா.

எனவே, ஒல்லாந்தர் கட்டிய பட்டினமாயினும் இஃது ஒல்லாந்தர் மட்டும் வாழ்ந்த பட்டினம் அன்று. யாழ்ப்பாணக் கோட்டையிலே படையினரும் அதிகாரிகளும் மதிலுக்குள்ளும், பொதுமக்கள் வெளியேயும் வாழ்ந்தனர். காலியிலோ குடிகளும் மதிலுக்குள்ளேயே வாழ்ந்தனர். பறங்கியரும் சிங்களரும் சோனகரும் அடுத்தடுத்த வீடுகளிலே குடியிருந்தனர். தமிழைத் தம் வீட்டு மொழியாகப் பேணிய முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்து வந்துள்ளன. கோட்டை, படைகளுக்கு மட்டும் உரியதாயிருந்திருப்பின், படைகள் போனபின் பாழாகியிருக்கும். அது குடிகளுக்கும் வீடாயிருந்தமையாலேயே படைகள் போனபின்னும் அடுப்பு எரிந்தது, விளக்கு எரிந்தது.

வீட்டின் அமைப்பு

இப்பட்டினத்து வீட்டை நம்மவர் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாது. வீதியோரத்திலே தூண்கள் வரிசையாகத் தாங்கும் விறாந்தை. அதன்பின் உயர்ந்த கதவு. கதவின் மேலே மரத்தாற் கடைந்த சாளரம். உள்ளே அகன்ற கூடம். கூடத்துக்கப்பால் வானம் பார்த்த முற்றமும் கிணறும். நம் நாற்சார் வீட்டை அறிந்தவர்க்கு அம்முற்றத்தின் பயன் சொல்லாமலே விளங்கும். வெப்பமடைந்த காற்று மேலெழுந்து முற்றத்தின் வழியே வெளியேற, வீதிப்புறத்துக் குளிர்ந்த காற்று வீட்டினுள் நுழையும். மின்விசிறி இல்லாத காலத்திலே, கடற்காற்றை வீட்டுக்குள் விருந்தாளியாக அழைத்துவரும் உபாயம் இது.

சுவர்கள் மிகத் தடித்தவை. கடலில் எடுத்த முருகைக்கல்லும், நிலத்தில் வெட்டியெடுத்த செம்பூரான் கல்லும், அவற்றை இணைக்கச் சுண்ணாம்புச் சாந்தும் பயன்பட்டன. தடித்த சுவர் பகலிலே வெயிலை எளிதில் உள்ளே விடுவதில்லை. கூரை, நாட்டுக் குயவன் வனைந்த பீலியோட்டினால் வேயப்பட்டது. செங்குத்தான சரிவு, பெருமழையை விரைந்து வடியச்செய்யும். ஒல்லாந்தில் விறாந்தை தேவையில்லை. அங்கே வெயிலை மறைப்பாரிலர், தேடுவாரே உளர். ஆதலின் இவ்வீட்டை ஒல்லாந்தர் வீடு என்பதிலும், ஒல்லாந்தர் கணக்கும் நம் நாட்டுத் தச்சரும் கொத்தரும் அறிந்த காலநிலையும் கூடி அமைத்த வீடு என்பதே பொருந்தும்.

நிலத்தின் கீழே

மேலே காண்பவற்றினும் வியப்புக்குரியது நிலத்தின் கீழே உள்ளது. ஒல்லாந்தர் வீதிகளின் அடியிலே கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்தனர். வற்றுப்பெருக்கின்போது கடல்நீர் உட்புகுந்து அவற்றைக் கழுவிச்செல்லும் வண்ணம் திட்டமிடப்பட்டது. நீரை ஏற்றுவதற்குத் திறைற்றன் கொத்தளத்திலே காற்றாலை ஒன்றும் சுழன்றது. நாள்தோறும் இருமுறை கடலே வந்து ஊரைத் துப்புரவு செய்யும் ஏற்பாடு அது! காலிக் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த யூனெஸ்கோ நிறுவனமும் இவ்வடிகாலமைப்பை விதந்து குறிப்பிட்டுள்ளது. பெருமழை பெய்தால் வெள்ளத்தில் மிதக்கும் நம் பட்டினங்களை நினைக்கும்போது, முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வேலையின் அருமை நன்கு விளங்கும்.

வழிபாட்டிடங்கள்

சிறிய இவ்வூரிலே பல சமயத்தார் அருகருகே வழிபட்டு வந்தனர். 1755 ஆம் ஆண்டிலே நிறைவுபெற்ற ஒல்லாந்தர் தேவாலயம் சிலுவை வடிவினது. உள்ளே ஒரு தூணுமின்றி அகன்ற வெளியாக நிற்பதே அதன் சிறப்பு. தளமெங்கும் கல்லறைப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. அந்நாளிற் காலியின் அதிகாரியாயிருந்த கஸ்பாருஸ் டி யோங் என்பாரின் குடும்பம், குழந்தைப் பேறு வேண்டிச் செய்த நேர்த்தியின் பயனாக இது கட்டப்பட்டதென்பது செவிவழிச் செய்தி.

அதற்கு அண்மையிலே ஆங்கிலேயரின் சகல பரிசுத்தவான்கள் ஆலயம், கூரிய வளைவுகளுடன் 'கொதிக்' முறையிலே எழுந்துள்ளது. 1868 ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று 1871 ஆம் ஆண்டு அபிடேகம் செய்யப்பெற்றது. இதனை வரைந்த ஜே. ஜி. ஸ்மிதர் என்பாரே கொழும்பு நூதனசாலையையும் யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரத்தையும் வரைந்தவர் என்பது நம் வாசகர்க்கு உவகை தரும் செய்தியாகும்.

தென்முனையில், வெளிச்சவீட்டின் எதிரே நிற்கும் மீரான் ஜும்மாப் பள்ளிவாசலைத் தொலைவிலிருந்து காண்போர் அதனை ஒரு கிறிஸ்தவ தேவாலயம் என்றே எண்ணுவர். வெண்ணிறமான இரட்டைக் கோபுரங்களும் முகப்பும் அத்தகையன. 1904 ஆம் ஆண்டிலே பழைய பள்ளிவாசலின் இடத்தில் இக்கட்டடம் எழுந்தது. ஊரிலே வழங்கிய கட்டடக்கலையை எல்லோரும் தமதாக்கிக்கொண்டனர் என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சுதர்மாலய விகாரையும் கோட்டையினுள்ளேயே உள்ளது.

துறைமுகம் போயிற்று

1796 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே கொழும்பு ஆங்கிலேயர் வசமானபின், சில நாள்களுள் காலியும் போரின்றியே அவர்கள் கைக்குச் சென்றது. நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கிய காலத்திலே காலி முன்னெப்பொழுதும் காணாத செல்வாக்கை எய்தியது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் செல்லும் தபாற் கப்பல்கள் இங்கே நிலக்கரியும் பிரயாணிகளும் ஏற்றின. உலகச் செய்திகள் முதலில் வந்திறங்கிய இடம் காலியே. 1850 களிலே, தந்திக் கம்பி வருமுன்னர், கொழும்புப் பத்திரிகையான 'ஒப்சேவர்' காலியிலிருந்து செய்திகளைப் புறாக்களின் மூலம் பெற்றது. 1684 ஆம் ஆண்டுக் கட்டடமொன்று 1860 களிலே பிரயாணிகளுக்கான 'ஓரியன்டல்' ஹோட்டலாக மாறியதும் இச்செல்வாக்கினாலேயே.

ஆயினும் காலித் துறைமுகத்தில் ஒரு குறை இருந்தது. நீரின் கீழே பாறைகள் மறைந்திருந்தன. பருவக்காற்றின் சீற்றத்துக்கு எதிரே தடுப்பு இல்லை. 1871 ஆம் ஆண்டிலே 'ரங்கூன்' என்னும் தபாற் கப்பல் காலித் துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போதே பாறையில் மோதி மூழ்கியது. இத்துறையையே திருத்துவதா, கொழும்பிலே புதிய துறையை அமைப்பதா என்ற விவாதத்திற் கொழும்பு வென்றது. 1875 ஆம் ஆண்டு டிசெம்பரிலே வேல்ஸ் இளவரசர் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 1885 ஆம் ஆண்டிலே அச்சுவர் நிறைவுற்றது. கப்பல்கள் காலியைக் கடந்து கொழும்புக்குச் சென்றன. வணிகர் போயினர், கந்தோர்கள் மூடப்பட்டன. 1894 ஆம் ஆண்டிலே புகையிரதம் காலியை அடைந்தபொழுது, அதன் பெருநாள்கள் கழிந்துவிட்டன.

இவ்விடத்தேதான் நாம் முன்னர் விடுத்த வினாவின் மற்றைப் பாதி விடை கிடைக்கின்றது. வளர்ந்துவரும் கொழும்புக்குப் பழைய மதில்கள் இடையூறாகத் தோன்றின. 1869 ஆம் ஆண்டு தொடக்கம் அவை இடிக்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது, ஒல்லாந்தர் வீடுகள் இருந்த இடங்களிலே வங்கிகளும் வர்த்தக நிலையங்களும் மாடிமேல் மாடியாக எழுந்தன. காலியிலும் 1873 ஆம் ஆண்டிலே மதிலை உடைத்துப் புதிய வாயில் ஒன்று திறக்கப்பட்டது. துறைமுகம் தங்கியிருந்தால், அவ்வுடைப்பு ஒன்றோடு நின்றிருக்குமா? செல்வம் வந்த ஊர் தன் பழமையை இழந்தது. செல்வம் விட்டகன்ற ஊரிலே, பழைய வீட்டை இடித்துப் புதியது கட்டுவதற்கு எவரிடத்தும் பணமில்லை. கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றினர். சுவர் வெடித்தாற் சுண்ணாம்பு பூசினர். அவ்வளவே. வறுமை என்று அன்று மனம் வருந்தியதே, பின்னர் வரலாற்றுச் செல்வமாக மாறியது. மாறாக, யாழ்ப்பாணக் கோட்டையின் கதி வேறு. 1706 ஆம் ஆண்டு எழுந்த அதன் சிலுவைத் தேவாலயம் 1990 ஆம் ஆண்டுப் போரின்போது சிதைந்தழிந்தது. கொழும்பை வளம் மாற்றியது. யாழ்ப்பாணத்தைப் போர் சிதைத்தது. காலியை மறதி காத்தது.

நன்றியின் சின்னமொன்றும் அத்தளர்ந்த காலத்திலே எழுந்தது. சந்திரக் கொத்தளத்தருகே 1883 ஆம் ஆண்டு கட்டப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம் எந்த மன்னருக்கும் தேசாதிபதிக்கும் உரியதன்று. ஏழைகளின் வைத்தியராய் விளங்கிய பீற்றர் டானியல் அந்தோனிஸ் என்பாரின் பெயரால் ஊரார் பணந்திரட்டி எழுப்பினர். அவரால் நோய் நீங்கப்பெற்ற ஒருவர் கடிகாரத்தை அளித்தார். இலச்சினைகள் நிறைந்த கோட்டையிலே குடிமக்கள் தாமாக எழுப்பிய சின்னம் இஃதொன்றே எனலாம்.

கடல் சோதித்த நாள்

1988 ஆம் ஆண்டிலே பழைய காலிப் பட்டினமும் அதன் அரண்களும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை தென்கரையைத் தாக்கியபோது, மதிலுக்கு வெளியே புதிய நகரத்தின் பஸ் நிலையமும் கடைகளும் விளையாட்டரங்கும் அழிவுக்குள்ளாயின. காலி மாவட்டத்திலே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கோட்டையினுள்ளே இருந்தோருள் மிகப்பெரும்பாலோரைப் பழைய மதில் காத்தது. பீரங்கிக் குண்டுக்காகக் கட்டிய சுவர், கட்டியோர் கனவிலும் கருதாத பகையைத் தடுத்து நின்றது. ஆயினும் கடலோரத்தில் இருந்த கடலடித் தொல்பொருள் ஆய்வுநிலையம் தப்பவில்லை. 1659 ஆம் ஆண்டு காலித்துறையில் மூழ்கிய 'அவொண்ட்ஸ்டர்' என்னும் ஒல்லாந்தக் கப்பலிலிருந்து அரிதின் மீட்ட பொருள்களுட் பல மீண்டும் கடலுக்கே இரையாயின.

புதிய சோதனை

கடலை வென்ற ஊர் இப்பொழுது வேறொரு பெருக்கை எதிர்நோக்கி நிற்கின்றது. அது பணப்பெருக்கு. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகக் காலிக் கோட்டையின் புகழ் உலகெங்கும் பரவியது. 2005 ஆம் ஆண்டிலே பழைய 'ஓரியன்டல்' ஹோட்டல் 'அமன்கல்லா' என்னும் பெயருடன் செல்வந்தர்க்குரிய விடுதியாயிற்று. 2007 ஆம் ஆண்டிலே இலக்கிய விழா தொடங்கியது. ஒரு காலத்தில் நகரசபை இருந்த பழைய ஒல்லாந்தர் மருத்துவமனை 2014 ஆம் ஆண்டிலே கடைகளும் உணவுச்சாலைகளும் கூடிய இடமாகத் திறக்கப்பட்டது. வீடுகளின் விலை ஏறியது. வெளிநாட்டாரும் கொழும்புச் செல்வந்தரும் வாங்கினர். தலைமுறைகளாக வாழ்ந்தவர் பலர் விற்றுவிட்டு மதிலுக்கு வெளியே சென்றனர்.

விற்றோரைக் குறைகூறுதல் முறையன்று. பழைய வீடு பார்வைக்கு அழகியது, பராமரிப்புக்கோ கொடியது. ஓடும் மரமும் சுண்ணாம்பும் முன்னைய முறைப்படியே வேண்டும் எனச் சட்டம் விதிக்கும். செலவை வீட்டுக்காரரே தாங்கவேண்டும். பிள்ளைகள் ஐவர்க்கும் உரித்தான ஒரு வீட்டைப் பகுத்தல் எங்ஙனம்? விற்றுப் பணத்தைப் பங்கிடுவதே எளிது. நம் ஊர்களிலும் நாற்சார் வீடுகள் மறைந்தமைக்கு இதுவும் ஒரு காரணமன்றோ? நெதர்லாந்தின் உதவியுடன் பல வீடுகள் திருத்தப்பட்டமையும், 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் காலி மரபுரிமை மன்றம் அமைந்தமையும் பாராட்டத்தக்கவையே. விடுதிகளின் வரவால் இடிந்து விழவிருந்த சுவர்கள் நிமிர்ந்தன. வேலையும் வருவாயும் பெருகின என்பதையும் மறுத்தற்கில்லை.

ஆயினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். சுவரைக் காப்பதற்குச் சட்டம் உண்டு. கூரையைக் காப்பதற்கு விதி உண்டு. அயலவரைக் காப்பதற்கு விதி யாதும் இல்லை. கயிறு திரிப்போர் போனபின்னும் லெய்ன் பான் வீதி வாழ்ந்தது. ஏனெனில் வேறு குடிகள் வந்து குடியிருந்தனர். இன்று வருவோர் பெரும்பாலும் இரண்டு நாள் தங்கிச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள். விறாந்தையிலே மாலைவேளையில் அமர்ந்து அயலாருடன் பேசும் முதியவர் இல்லையாயின், விறாந்தை வெறும் தூண்வரிசையே. வறுமையைத் தாங்கி நின்ற பட்டினம் வளத்தையும் தாங்கி நிற்குமா என்பதே இன்றைய வினா. அதற்கு விடை, எஞ்சியுள்ள குடும்பங்கள் அங்கே தொடர்ந்து வாழ்வதற்கு எவ்வளவு துணை கிடைக்கும் என்பதிலேயே தங்கியுள்ளது. வீட்டைத் திருத்த இலகு கடன், வரிச் சலுகை, வீட்டின் ஒரு பகுதியில் விருந்தினரை ஏற்று மறுபகுதியில் தாம் வாழும் வசதி ஆகியன அத்துணைகளுட் சில.

காணச் செல்வோர்க்கு

விடுமுறையிலே பிள்ளைகளுடன் காலிக்குச் செல்லும் பெற்றோரும், மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரும் ஒரு முறையைக் கைக்கொள்ளலாம். பிரதான வாயிலாற் புகாது, பழைய வாயிலாற் புகுக. இரு இலச்சினைகளையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அருகேயுள்ள பெரிய பண்டகசாலையின் நீளத்தை நடந்தே அளந்து, கறுவா மணத்த காலத்தை எண்ணிப்பார்க்கட்டும். பின்னர் லெய்ன் பான் வீதி வழியே தெற்கே சென்று பள்ளிவாசலையும், 1939 ஆம் ஆண்டு எழுந்த 26 மீற்றருக்கு மேற்பட்ட வெளிச்சவீட்டையும் காண்க. வெயில் தணிந்தபின் மேற்கு மதிலின் மேலே நடப்பது இன்பம்.

நடக்கும்பொழுது வீடுகளையும் எண்ணுமாறு பிள்ளைகளிடம் கூறுக. எத்தனை வீடுகள் கடைகளாயின, எத்தனை விடுதிகளாயின, எத்தனையில் முற்றத்துக் கொடியிலே பள்ளிச் சீருடை காய்கின்றது என்று ஒரு கொப்பியிலே குறித்துக்கொள்ளட்டும். பின்னர் வீடு திரும்பியதும், தம் ஊரின் பழைய கடைத்தெருவிலே அதே கணக்கை எடுத்துப்பார்க்கட்டும். பருத்தித்துறையாயினும் மட்டக்களப்பாயினும் மன்னாராயினும், எந்த ஊரின் நடுவிலும் சொல்லத்தக்க கதையொன்று நிற்கும். அதனை எண்ணிக் குறிப்பதற்கு இளங்கண்கள் வேண்டும். இடிப்பதற்கு முன்னர் வேண்டும்.